ஒரு நாளும் தவறாத குளிசை

என்னை இடுப்பில் தூக்கி வளர்த்து, கடைசியில் என் கண்ணிலேயே மண்ணைத் தூவிவிட்டுப் போன பாக்கியம் அக்காவுக்கு,

தம்பி சந்திரன் எழுதுகிறேன். ஓ.எல். சோதனையை இரண்டு தடவை எழுதி, இரண்டாம் தடவை முதல் தடவையைவிடக் குறைவாக எடுத்த ஆள் இந்தத் தேயிலைத் தோட்டத்திலேயே நான் ஒருவன்தான் என்று மலையெல்லாம் சொல்லிச் சிரித்தவள் நீ. அதனால் எழுத்துப் பிழைக்கு நீ அசரமாட்டாய். நான் எழுதப்போவது வேறு பிழையைப் பற்றி.

இதை அச்சில் போடப்போகிறார்கள். தர்ஷினியோடு மருந்தாளர் படிப்புப் படிக்கிற பிள்ளைகள் பல்கலைக்கழகத்தில் ஒரு சஞ்சிகை போடுகிறார்களாம். "அத்தயப் பத்தி நீங்க எழுதுங்கப்பா, நான் எழுதுனா அழுக வருது" என்றாள். மகள் அழக்கூடாது என்று நான் உட்கார்ந்து அழுதுகொண்டு எழுதுகிறேன். நீ உயிரோடு இருந்தால் இந்த விஷயத்தை ஊருக்குச் சொல்ல விடமாட்டாய். ஆனால் என்னிடம் மறைத்தவளிடம் நான் எதற்கு அனுமதி கேட்க வேண்டும்?

முதலில் வீட்டுச் செய்தி. நீ போய்ப் பத்து மாதமாகிறது. உன் கோழிகளை என் பெண்சாதி ராணிதான் பார்த்துக்கொள்கிறாள். அந்தச் சிவப்புக் கோழிக்கு என் மேல் என்ன கோபமோ, இன்னும் காலைக் கொத்துகிறது. ஓட்டோவுக்கு டயர் மாற்றினேன். ஹட்டனுக்குப் போகிற பாதையில் ஒரு பள்ளத்தை நீ சபித்துக்கொண்டே வருவாயே, அதை மூடிவிட்டார்கள். பத்தடி தள்ளி இன்னொன்று வந்துவிட்டது.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

தர்ஷினி மூன்றாம் வருஷம் படிக்கும்போது ஒரு சனிக்கிழமை வந்து சொன்னாள் அல்லவா, தங்களுடைய படிப்பில் ஒரு பாடம் வகுப்பில் நடக்காது, சனங்களுடைய வீட்டில்தான் நடக்கும் என்று. ஒவ்வொரு பிள்ளையும் ஓர் ஊரில் சில நோயாளிகளைத் தேர்ந்து, ஒரு வருஷம் மாதாமாதம் வீடு தேடிப் போய், என்ன மருந்து குடிக்கிறார்கள், ஒழுங்காகக் குடிக்கிறார்களா, இல்லாவிட்டால் ஏன் என்று பார்த்து, உதவி செய்து, எழுதிக்கொடுக்க வேண்டும். சேவையும் ஆச்சு, படிப்பும் ஆச்சு. அவள் நம் தோட்டத்தையே கேட்டு வாங்கிக்கொண்டாள்.

எனக்கு நெஞ்சு இரண்டு அங்குலம் கூடிவிட்டது. மகள் வருகிற நாளெல்லாம் ஓட்டோவுக்கு லீவு. அவள் குறிப்பு எழுதுகிற கொப்பியைத் தூக்கிக்கொண்டு அவள் பின்னாலேயே லயம் லயமாக, வீடு வீடாகப் போனேன். "டேய் சந்திரா, நீ எப்படா டொக்டர் ஆனே?" என்று உன் வாசலில் நின்று கேட்டாய். "பெரிய டொக்டர் அவ, நான் சின்ன டொக்டர்" என்றேன். அன்று முழுக்க லயத்துப் பெண்கள் என்னை "சின்ன டொக்டர், சின்ன டொக்டர்" என்றே கூப்பிட்டார்கள். உண்மையைச் சொன்னால் எனக்கு அது பிடித்திருந்தது.

உன் வீடுதான் முதல் வீடு. உனக்குப் பிரஷர். மாதம் ஒரு தடவை கிளினிக்குக்குப் போய், வரிசையில் நின்று, மூன்று கடதாசி உறைகளில் ஒரு மாதக் குளிசை வாங்கி வருவாய். தர்ஷினி ஒவ்வோர் உறையாகப் பிரித்து, தட்டில் கொட்டி, இரண்டிரண்டாகத் தள்ளி எண்ணினாள். தந்தது எத்தனை, போன நாள் எத்தனை, மிச்சம் எத்தனை இருக்க வேண்டும். எண்ணிக்கை சரியாக வந்தால் நோயாளி ஒழுங்காகக் குடிக்கிறார் என்று எழுதலாம்.

முதல் மாதம் உன் எண்ணிக்கை இடித்தது. சின்ன வெள்ளைக் குளிசை, உடம்பில் தேங்கிய நீரை மூத்திரமாக இறக்கிப் பிரஷரைக் குறைப்பது, நீங்கள் எல்லாரும் தண்ணிக் குளிசை என்பீர்களே, அது மட்டும் உறையில் அப்படியே கிடந்தது.

"அத்த, இத ஏன் குடிக்கல?"

"மறந்துட்டேன் கண்ணு."

"மத்தது ரெண்டும் மறக்கலயே?"

நீ தலையைச் சாய்த்து என்னைப் பார்த்தாய். இப்போது யோசித்தால், இவன் கொஞ்சம் எழுந்து போகமாட்டானா என்று பார்த்திருக்கிறாய். நான் போனேனா? சின்ன டொக்டர் அல்லவா. உனக்கு முன்னால் நானே பதில் சொன்னேன்: "மறதிதான் மகள். அத்தைக்கு வயசாச்சு. நீ எழுதிக்கோ." அவளும் எழுதிக்கொண்டாள். உறையின் மேல் ஒரு சூரியன் படம் ஒட்டி, "இது காலையில குடிக்கிறது அத்த, சூரியனப் பாத்தா ஞாபகம் வரணும்" என்றாள். அதோடு விட்டிருக்கலாம். அவள் அடுத்த வீட்டுக்குப் போனதும் நான் உன்னிடம் குனிந்து சொன்னேன்.

"அக்கா, புள்ளயோட மார்க் ஒன் கையிலதான் இருக்கு. அடுத்த மாசம் எண்ணிக்க சரியா வரணும். மானத்த வாங்கிறாத."

"சரிடா" என்றாய். "வரும்."

வந்தது. அடுத்த மாதம் வந்தது, அதற்கடுத்த மாதமும் வந்தது, வருஷம் முழுக்க வந்தது. தட்டை நீயே எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாய். "எண்ணிப் பாரு புள்ள, நல்லா எண்ணிப் பாரு. கொழுந்து நிறுக்கிறவருகூட என்னய இப்புடிச் சோதிச்சதில்ல" என்பாய். அவள் சிரித்துக்கொண்டே எண்ணுவாள். நான் உன் கையால் போட்ட தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டு, ஏதோ நானே மருந்து கண்டுபிடித்த மாதிரி உட்கார்ந்திருப்பேன்.

கடைசி மாதம் அவர்களுக்குப் படிப்பிக்கிற மேடமும் கூட வந்தார். சிங்கள அம்மா. மெதுவாகத் தமிழ் பேசினார். அவரே தட்டில் கொட்டி எண்ணினார். ஒன்று கூடவும் இல்லை, குறையவும் இல்லை. "ஒரு நாளும் தவறல. ரொம்ப நல்ல அம்மா" என்றார். நீ முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாய். வெட்கம் என்று நினைத்தேன். வாசலில் நிறுத்தி உன்னைப் படம் எடுத்தார்கள். தர்ஷினிக்கு வகுப்பிலேயே கூடின மார்க். உன் படத்தைப் பெரிய தாளில் அச்சடித்துப் பல்கலைக்கழகச் சுவரில் போட்டார்களாம். நான் ஹட்டனில் ஓட்டோ நிறுத்துகிற இடத்தில் எல்லாருக்கும் அந்தப் படத்தைப் போனில் காட்டினேன். ஏற்கெனவே பார்த்தவர்களுக்கும் காட்டினேன்.

ஆனால் உன் பிரஷர் இறங்கவில்லை. கிளினிக் டொக்டர் உன் கொப்பியையும், தர்ஷினி எழுதித் தந்திருந்த அட்டையையும் பார்த்தார். ஒழுங்காகக் குடிக்கிறாள் என்று அட்டை சொல்கிறது, அப்படியும் இறங்கவில்லை என்றால் மருந்து போதவில்லை. இன்னொரு குளிசையைக் கூட்டினார். அவரைக் குறை சொல்ல முடியுமா? அவர் நம்பியது என் மகளை. என் மகள் நம்பியது உன்னை.

பங்குனியில் ஒரு காலை, மேல் மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டு நின்றவள் அப்படியே சரிந்துவிட்டாய். பாரிசவாதம். நாலு பெண்கள் கம்பளியில் வைத்து ரோட்டுக்குத் தூக்கி வந்தார்கள். என் ஓட்டோவில்தான் ஏற்றினோம். வாய் கோணிப்போய் என்னிடம் ஏதோ சொல்லப் பார்த்தாய். எனக்கு விளங்கவில்லை. மூன்றாம் நாள் போய்விட்டாய். அந்த மூன்று நாளும் ஆஸ்பத்திரியில் கண்ட டொக்டரிடமெல்லாம் நான் ஒரே வசனத்தைச் சொல்லிக்கொண்டிருந்தேன்: "ஒரு நாளும் மருந்து தவறலங்க ஐயா. எங்க மககிட்ட எண்ணிக்கை இருக்கு."

கருமாதி முடிந்து, உன் காம்பராவுக்குச் சுண்ணாம்பு அடிக்கலாம் என்று சுவரில் இருந்த படங்களைக் கழற்றினேன். முருகன் படத்துக்குப் பின்னால் ஒரு சின்னப் பலகை. அதில் ஒரு பழைய மால்ட் டின். விபூதியாக்கும் என்று திறந்தேன். உள்ளே குளிசை. சின்ன வெள்ளைக் குளிசை. அடியில் கிடந்தவை ஈரத்தில் கரைந்து மாவாகிவிட்டன, மேலே கிடந்தவை புதிதாக இருந்தன. தரையில் உட்கார்ந்து, மகள் செய்கிற மாதிரி இரண்டிரண்டாகத் தள்ளி எண்ணத் தொடங்கினேன். நூறு தாண்டியதும் கை நின்றுவிட்டது.

நீ மறக்கவே இல்லை அக்கா. தினமும் காலையில், ஒரு நாளும் தவறாமல், சூரியன் படம் ஒட்டின உறையிலிருந்து ஒன்றை எடுத்திருக்கிறாய். எடுத்து டின்னில் போட்டிருக்கிறாய். அடுப்பில் போட்டிருக்கலாம், தண்ணி ஓடுகிற கானில் வீசியிருக்கலாம். மருந்தை வீசினால் பாவம் என்று நினைத்தாயா? என்றைக்காவது குடிக்கலாம் என்று சேர்த்து வைத்தாயா? ஓட்டோவில் வாய் கோணிச் சொல்ல வந்தது இதைத்தானா?

எனக்கு நம் மலையில் நடப்பது ஞாபகம் வந்தது. நிறுவைக்கு முன்னால் ஒருத்திக்குக் கொழுந்து குறைந்தால், பக்கத்து நிரைக்காரி தன் கூடையிலிருந்து இரண்டு கை அள்ளி அவள் கூடையில் போட்டுவிடுவாள். தராசைப் பார்க்கிறவருக்கு முள் நிற்கிற இடம்தான் தெரியும். நாற்பது வருஷம் அந்தத் தராசுக்கு முன்னால் நின்ற உன்னிடம் போய் நான் எண்ணிக்கை சரியாக வரணும் என்று சொல்லியிருக்கிறேன். நீ என்ன செய்வாய்? பிள்ளைக்குக் குறையாமல் அள்ளிப் போட்டுவிட்டாய்.

டின்னைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு ஓடினேன். ராணி அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். டின்னைப் பார்த்ததும் சுளகு நின்றது.

"ஒனக்குத் தெரியுமா?"

அவள் சுளகைக் கீழே வைத்தாள்.

"ராணி, ஒன்னத்தான் கேக்குறேன். தெரியுமா?"

"லயத்துல எல்லாப் பொம்பளைங்களுக்கும் தெரியும்."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"என்னத்தங்க சொல்றது?" அவள் குரல் ஏறியது. "காலையில அந்தக் குளிசையக் குடிச்சுட்டு மலைக்குப் போனா, கூடையில அடி நெறையுறதுக்குள்ள மூணு தடவ ஒண்ணுக்கு வருது. மலையில கக்கூஸ் எங்க இருக்கு? கூடையக் கழட்டி வச்சுட்டு, கான் வழியா எறங்கி, ஆம்பளைங்க கண்ணுல படாத எடமாத் தேடணும். ஒரு தடவ போனா அட்ட கடிக்கும், ரெண்டாந்தடவ போனா கங்காணி கத்துவாரு, மூணாந்தடவ போனா கொழுந்து கொறையும். ஒரு நாள் மதினி அடக்க முடியாம, இடுப்புல கட்டுன சாக்குப் படங்கோட நனைஞ்சுபோயி நின்னுச்சு. அன்னிக்குச் சொன்னிச்சு, இனிமே இதத் தொடமாட்டேன்னு. இதயெல்லாம் ஒங்ககிட்ட வந்து சொல்லுமா? தம்பிகிட்ட?"

லயம் முழுக்கத் தெரிந்தது எனக்கு மட்டும் தெரியவில்லை. எந்த வீட்டில் என்ன சண்டை என்று பஸ்ஸுக்கு முன்னால் ஹட்டனுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கிற ஓட்டோக்காரன் நான். என் அக்கா ஒரு வருஷமாக எனக்கு நாடகம் காட்டியிருக்கிறாள், என் பெண்சாதி முன்வரிசையில் உட்கார்ந்து பார்த்திருக்கிறாள். மாதாமாதம் அந்தத் தட்டுக்கு முன்னால் நான் பெருமையோடு உட்கார்ந்திருந்தபோது நீங்கள் எல்லாரும் மனதுக்குள் என்ன நினைத்திருப்பீர்கள்? அம்மா போன பிறகு என் மூத்திரத்தையும் பீயையும் துடைத்து வளர்த்தவள் நீ. உன்னுடையதைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை சொல்ல உனக்கு என்ன வெட்கம்?

டின்னை அலுமாரியில் வைத்துப் பூட்டினேன். தர்ஷினியிடம் ஐந்து மாதம் வாய் திறக்கவில்லை. நீ ஏமாற்றியது போதாதென்று நானும் உன் கட்சியில் சேர்ந்துகொண்டேன். செத்தவள் திரும்பவா வரப்போகிறாள், பிள்ளையாவது சந்தோஷமாக இருக்கட்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அப்போதுதான் ஒரு நாள் அவளே எனக்குப் போன் எடுத்தாள்.

"அப்பா, புதுப் புள்ளைங்களுக்கு என்னையப் பேசச் சொல்லியிருக்காங்க மேடம். வீடு வீடாப் போயி எப்புடிக் குளிச எண்ணுறது, எப்புடிக் குடிக்க வக்கிறதுன்னு. நான் அத்த கதயத்தான் சொல்லப்போறேன். ஒரு நாளும் தவறவிடலன்னு."

"சரி மகள், நல்லாச் சொல்லு" என்று வைத்துவிட்டேன். வைத்த பிறகுதான் உறைத்தது. அந்தப் பிள்ளைகள் அத்தனை பேரும் இதைக் கேட்டுவிட்டு ஆளுக்கொரு ஊருக்குப் போவார்கள். தட்டில் கொட்டி எண்ணுவார்கள். எண்ணிக்கை சரியாக இருக்கும், எழுதிக்கொண்டு வருவார்கள். எத்தனை வீட்டில் சாமிப் படத்துக்குப் பின்னால் டின் இருக்குமோ? சொன்னால் என் மகள் உடைந்துபோவாள். சொல்லாவிட்டால் அவள் வாயால் உன் பொய் ஊர் ஊராகப் போகும்.

அவள் வந்த ஞாயிற்றுக்கிழமை, காலைச் சாப்பாடு முடிந்து கை கழுவியதும் டின்னை அவள் முன்னால் வைத்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். கத்துவாள் என்று நினைத்தேன். அவள் ஒரு குளிசையை எடுத்து, விரலில் வைத்து, வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"டொக்டர்கிட்டக் கேட்டு நேரத்த மாத்தியிருக்கலாம்ப்பா. மலையிலேருந்து வந்த பொறகு குடிக்கிற மாதிரி. இல்லாட்டி வேற குளிச குடுத்திருப்பாங்க. அத்த ஒரு வார்த்த சொல்லியிருந்தாப் போதும்."

ஒரு வார்த்தை. கேட்டாயா அக்கா?

"குடிச்சிருந்தா அத்த பொழச்சிருக்குமா?" என்று கேட்டேன்.

"அத யாராலயும் சொல்ல முடியாதுப்பா."

படித்த பிள்ளை, பொய் சொல்லவில்லை. எனக்கு அன்று ஒரு பொய் தேவையாக இருந்தது. "ஒன்னய ஏமாத்திட்டா மகள்" என்றேன். அவள் இல்லையென்று தலையை ஆட்டினாள்.

"நான் ஏன்னு ஒரே ஒரு தடவதான் கேட்டேன். மத்தபடி எத்தனன்னுதான் கேட்டேன். அந்த ஒரு தடவைக்கும் நீங்க பதில் சொன்னீங்க." பிறகு மெதுவாக, "பக்கத்துலயே ஒக்காந்திருந்தீங்களேப்பா" என்றாள்.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஏமாந்தவனும் நான், குற்றவாளியும் நானா? அவள் திரும்பிப் போகும்போது பஸ் ஏற்றிவிடக்கூடப் போகவில்லை. டின்னை அவள் தன் பையில் வைத்துக்கொண்டு போனாள்.

மேடத்திடம் தானே போய்ச் சொல்லியிருக்கிறாள், மார்க்கைக் குறைத்துவிடுங்கள் என்று. மேடம் மார்க்கில் கை வைக்கவில்லையாம். சுவரில் இருந்த உன் படத்தை மட்டும் கழற்றினாராம். அதைக் கேட்டு எனக்கு ஏன் வலித்தது என்று தெரியவில்லை. புதுப் பிள்ளைகளுக்கு முன்னால் தர்ஷினி டின்னைத் திறந்து வைத்து, உன் கதையை உள்ளபடி சொன்னாள்.

போன மாதம் அந்தப் பிள்ளைகள் நம் தோட்டத்துக்கு வந்தார்கள். தர்ஷினி அவர்களைத் தட்டோடும் கொப்பியோடும் லயத்துக்குக் கூட்டிப்போகவில்லை. காலையிலேயே பெண்களோடு மலைக்கு அனுப்பினாள். மத்தியானம் வரைக்கும் கூடவே நில்லுங்கள், ஒன்றும் எழுதாதீர்கள் என்றாள். பத்து மணி இருக்கும், ஒரு பிள்ளை ராணியிடம் வந்து காதோடு கேட்டிருக்கிறாள்.

"அன்ட்டி, டொய்லட் எங்க இருக்கு?"

"இந்தா, இந்த மல பூரா நம்மளுதுதான் தங்கச்சி. புடிச்ச எடமாப் பாத்துக்க."

நிரை முழுக்கச் சிரிப்பாம். அந்தப் பிள்ளையும் சிரித்தாளாம். சிரித்துவிட்டுச் சுற்றிச் சுற்றிப் பார்த்து, மத்தியானம் வரை அடக்கிக்கொண்டே நின்றாளாம். பின்னேரம் லயத்துக்கு வந்ததும் பெண்கள் அவளைச் சுற்றி உட்கார்ந்துவிட்டார்கள். என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. என் மகளின் உத்தரவு, நான் ரோட்டோரம் ஓட்டோவுக்குள் இருந்தேன்.

அன்று ராணியின் கதையும் வெளியே வந்தது. அவளுக்கும் பிரஷர், அவளுக்கும் அதே குளிசை என்று எனக்குத் தெரியும். அவளும் குடிப்பதில்லை என்று தெரியாது. இருபத்தைந்து வருஷம் ஒரே கூரைக்குக் கீழே. உன்னிடம் ஏமாந்தபோதாவது நீ பக்கத்துக் காம்பரா.

அடுத்த கிளினிக் நாளில் அவளைக் கூட்டிக்கொண்டு போனேன். டொக்டரிடம் உள்ளேயும் போகப் பார்த்தேன். "நீங்க இங்கயே நில்லுங்க" என்று விட்டாள். கதவு பாதி திறந்திருந்தது. அவள் குரல் நன்றாகக் கேட்டது.

"டொக்டர் ஐயா, இதக் குடிச்சா மலையில ஒண்ணுக்கு அடக்க முடியலங்க. அதனால நான் குடிக்கிறதில்ல."

டொக்டர் திட்டவில்லை, சிரிக்கவும் இல்லை. "எத்தன மணிக்கு வீட்டுக்கு வருவீங்க?" என்று மட்டும் கேட்டார். ஏதோ எழுதினார். ராணி வெளியே வந்துவிட்டாள். ஒரு தேத்தண்ணி ஆறுகிற நேரம்கூட ஆகவில்லை.

ஓட்டோவில் உட்கார்ந்து ஸ்டார்ட் பண்ண முடியாமல் அழுதேன். ராணி பின்னாலிருந்து, "இப்ப என்னத்துக்கு அழுறீங்க? அதான் மாத்திக் குடுத்துட்டாங்களே" என்றாள். கோபத்தில் அழுதேன், அக்கா. இவ்வளவுதானா? இதற்காகவா ஒரு வருஷம் தினமும் காலையில் எழுந்து என்னை ஏமாற்றினாய்?

உன்னை நான் இன்னும் மன்னிக்கவில்லை. வருஷத் திதிக்கு இலை போடும்போது மன்னித்துவிட்டேன் என்று பொய் சொல்லவும் மாட்டேன். பொய் சொல்ல நம் குடும்பத்தில் நீ ஒருத்தி போதும். ஆனால் ஒரு வாக்குத் தருகிறேன். இனிமேல் எந்தப் பிள்ளை மருந்து பார்க்க எந்த வீட்டுக்கு வந்தாலும், அந்த வீட்டுப் பெண் வாய் திறக்கிறதுக்கு முன்னால் நான் எழுந்து வெளியே போய்விடுவேன். அந்த வீட்டு ஆம்பளையையும் கூட்டிக்கொண்டு போவேன். வரமாட்டேன் என்கிறவனுக்கு உன் கதையைச் சொல்வேன். உன் பேரைச் சொல்லி, மூத்திரம் என்ற வார்த்தையையும் சொல்லிச் சொல்வேன். அங்கே இருந்து வெட்கப்பட்டால் பட்டுக்கொள். என்னிடம் மட்டும் சொல்லியிருந்தால் ஊருக்குச் சொல்ல வேண்டி வந்திருக்காது.

இப்படிக்கு,
நீ நம்பாமல் போன உன் கூடப்பிறந்தவன்,
சந்திரன்